ஆறுக்கும் ஆறேகாலுக்கும் நடுவே ஒரு சால்வை

தட்டில் நான்கு சால்வைகள் இருந்தன. தட்டு என் கையில் இருந்தது.

எவர்சில்வர் தட்டு. அடியில் ஒரு வாழையிலை நறுக்கு, அதன் மேல் சால்வைகள், ஓரத்தில் எலுமிச்சம்பழங்கள். மேலாக இருந்த சால்வை மெரூன் நிறம், ஜரிகைக் கரை. அதன் பிளாஸ்டிக் உறையை யாரோ பாதி கிழித்து வைத்திருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் அந்த உறை சரசரவென்று அடித்துக்கொண்டே இருந்தது. இப்போதும் ஜவுளிக் கடைக்குள் நுழைந்தால் அந்தச் சத்தம்தான் முதலில் என் காதில் விழுகிறது. விழுந்ததும் கோபம் வருகிறது.

சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் ஆபீஸ் தோழி கேட்டாள். "ஏக்கா, ஊர்ப்பட்ட வரப்புத் தகராறை எழுதுதீங்க. உங்களுக்குக் கோபமே வராதா?"

வரும். நில அளவைப் பிரிவில் வேலை பார்ப்பவளுக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் அளவு கெடும். அதனால் அடக்கிப் பழகியிருக்கிறேன். இந்த வாரம் அடக்கப் போவதில்லை.

மண்டபத்தில் கணக்கு

சில வருடங்களுக்கு முன்னால், சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து, தெருவில் கிடந்த கரும்புச் சக்கையெல்லாம் அள்ளி முடித்து, ஆவணியும் பிறந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை ஒன்று, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டி வைத்தது. இடம் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் முகூர்த்தத்தின் சந்தன வாசனையும் சாம்பார் வாசனையும் இன்னும் போகவில்லை. மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தியிருந்தார்கள்.

பரிசு ஒன்றே ஒன்று. திருநெல்வேலிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பதினொன்றும் பன்னிரண்டும் படிக்க இடம். கணிதப் பிரிவு. தங்கல், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். ஜெயிக்கிற பிள்ளைக்கு மட்டும்.

நான் நடுவர். பி.எஸ்சி. கணிதம் படித்தவள் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கூப்பிடும்போது சொன்ன காரணம் வேறு. "நடுவர்ல ஒரு லேடி இருந்தா ஸ்டேஜ் நல்லா இருக்கும் மேடம்." மேடை ஏறியதும் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நடுவர் என்றால் தீர்ப்புச் சொல்பவர் என்று நினைத்துப் போனேன். சால்வையை நீட்டுபவர் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது.

மற்ற நடுவர்கள் இருவர். ஒருவர் அறக்கட்டளைத் தலைவர், அரிசி மொத்த வியாபாரம். எல்லோரும் தலைவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கொடுக்கிற மனசு உள்ளவர், அதில் குறை சொல்ல மாட்டேன். இன்னொருவர் பரமசிவன் சார். ஊரில் பெரிய கோச்சிங் சென்டர் அவருடையது. கேள்விகளை எழுதியதும் அவர்தான், விடைகளைக் கவரில் போட்டு ஒட்டியதும் அவர்தான், மேடையில் உட்கார்ந்ததும் அவர்தான். அவர் மாணவனே போட்டியில் இருந்தான். இது யாருக்கும் உறுத்தவில்லை.

காலையில் தொடங்கிய போட்டியில் மதியத்துக்குள் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவன் ஜெபின், ஹார்டுவேர் கடைக்காரர் மகன், பரமசிவன் சாரின் மாணவன். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்த அமைதியான பையன். இன்னொருத்தி காளீஸ்வரி, இளையரசனேந்தல் பக்கம். மானாவாரி நிலம் வைத்திருந்த வீடு. எந்த சென்டருக்கும் போகாதவள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அந்த இடம் அவளுக்கு எதற்காக வேண்டும் என்பதை அவள் அம்மா காலையிலேயே எனக்குச் சொல்லியிருந்தார். அவர்கள் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருந்த பள்ளியில், வாத்தியார் இல்லாமல் கணிதப் பிரிவை மூடிவிட்டார்கள். தினமும் பஸ்ஸில் தூரத்துக்கு அனுப்ப அவள் அப்பா சம்மதிக்கவில்லை. விடுதி என்றால் மட்டும் சரி என்றிருக்கிறார். "இது கிடைச்சா கணக்கு மேடம். கிடைக்கலன்னா என்ன குரூப் இருக்கோ அது." அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கடைசிக் கேள்வி

இருவருக்கும் மதிப்பெண் சமம். முடிவு காண ஒரே ஒரு கேள்வி. பரமசிவன் சார் பலகையில் எழுதினார். மார்க்கர் கீச்சென்றது.

5 × 2ˣ − 4ˣ என்ற கோவையின் மீப்பெரு மதிப்பு என்ன?

கணக்கு என்றாலே பக்கத்தைப் புரட்டும் வாசகர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். x என்பது நம் விருப்பம்போல் மாற்றக்கூடிய எண். அதை மாற்ற மாற்ற இந்தக் கோவையின் மதிப்பு ஏறும், இறங்கும். ஏறுவதிலேயே உச்சி எது என்பதுதான் கேள்வி.

பரமசிவன் சாரின் சென்டரில் இதற்கு ஒரு வழி உண்டு. 'போட்டுப் பார்' முறை. x-க்கு 0 போடு, 1 போடு, 2 போடு. எது பெரிதோ அதை எழுது, அடுத்த கேள்விக்குப் போ. சுவரொட்டியிலேயே அப்படித்தான் இருக்கும். பெரும்பாலான கேள்விகளுக்கு அது ஒத்தும் வரும்.

போட்டுப் பார்ப்போம். 0 போட்டால் 5 − 1, நான்கு. 1 போட்டால் 10 − 4, ஆறு. 2 போட்டால் 20 − 16, மறுபடியும் நான்கு.

நான்கு, ஆறு, நான்கு. எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரம், நடுவில் மேடு. இந்த அழகில்தான் எல்லோரும் விழுந்தார்கள்.

இருவரும் தங்கள் சிறிய பலகைகளைத் திருப்பிக் காட்டினார்கள். ஜெபின் பலகையில் 6. காளீஸ்வரி பலகையில் 25/4. அதாவது ஆறேகால்.

கம்பி ஒன்று, நிலம் வேறு

காளீஸ்வரியின் விடையைப் பார்த்ததும் எனக்குக் கரிவலம்வந்தநல்லூர் ஆள் ஒருவர் ஞாபகம் வந்தார்.

அவர் தன் சதுரமான நிலத்தைக் கொடுத்துவிட்டு, ரோட்டோரமாக நீளவாக்கில் கிடந்த இன்னொரு நிலத்தை மாற்றிக்கொண்டார். இரண்டையும் சுற்றி வேலிக்கம்பியைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். இரண்டுக்கும் ஒரே நீளக் கம்பி சரியாக இருந்தது. அப்படியானால் நிலமும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டார். விதைக்கும்போது விதை மிஞ்சியது. அதைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கு வந்து, "மேடம், நிலம் எங்கன போச்சு?" என்று கேட்டார்.

ஒரே நீளக் கம்பியால் சுற்றும்போது அதிக நிலம் அடங்குவது சதுரத்தில்தான். நீட்ட நீட்டக் குறையும். அளவைக்காரிக்கு இது மூச்சு விடுவது போல.

இந்தக் கணக்கும் அதேதான். 4ˣ என்பது 2ˣ-ஐ அதே 2ˣ-ஆல் பெருக்கியது. எனவே 2ˣ ஒரு பக்கம், ஐந்திலிருந்து அதைக் கழித்தால் வருவது இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் நம் கோவை. கூட்டினால் ஐந்து வரும் இரண்டு எண்கள், அவ்வளவுதான். ஒன்றும் நான்கும் பெருக்கினால் நான்கு. இரண்டும் மூன்றும் பெருக்கினால் ஆறு. இரண்டரையும் இரண்டரையும் பெருக்கினால் ஆறேகால். அதுதான் சதுரம். அதற்கு மேல் கிடையாது.

2ˣ இரண்டரை ஆகுமா? ஆகும். x ஒன்றைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் ஆகும். முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று கேள்வியில் எங்கும் இல்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளை இதைச் சிறிய பலகையின் ஓரத்தில் இரண்டே வரியில் எழுதியிருந்தாள். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

கூட ஒரு காலு

தலைவர் அண்ணாச்சி கவரைப் பிரித்தார். "விடை ஆறு" என்று மைக்கில் படித்தார். கை தட்டினார்கள். என் தட்டிலிருந்து மெரூன் சால்வையை எடுத்து உதறி, ஜெபின் தோளில் போர்த்தினார். போட்டோக்காரர் "இங்கன பாருங்க" என்றார். எல்லாம் அடுத்தடுத்து நடந்துவிட்டது. சமையல்கட்டிலிருந்து சாப்பாடு தயார் என்று ஆள் வந்து நின்றிருந்தார்.

காளீஸ்வரி பலகையை இன்னும் உயரத் தூக்கினாள். "சார், ஆறேகால் சார்."

"கையை இறக்கும்மா. முடிஞ்சிட்டு" என்றார் பரமசிவன் சார்.

"முடியல சார். கூட ஒரு காலு இருக்கு."

மண்டபத்தில் சிரிப்பு. பரமசிவன் சார் முகம் மாறியது. பலகைக்குப் போய் 0, 1, 2 என்று எழுதி, கீழே 4, 6, 4 என்று எழுதினார். "எல்லாரும் பாருங்க. ஏறுது, இறங்குது. ரெண்டு பக்கமும் நாலு, நடுவுல ஆறு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல போட்டுப் பாத்தீங்களா சார்?"

"அங்கன என்ன இருக்கு?"

"ஒண்ணரை இருக்கு சார்."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அது அவர் மேல் விழுந்தது.

அவள் நிறுத்தவில்லை. "நாலுக்கு மேல அடுக்கா ஒண்ணரை ஏத்துனா எட்டு. ரெண்டுக்கு மேல ஒண்ணரை ஏத்துனா ரெண்டு புள்ளி எட்டு ரெண்டு எட்டு. அதை அஞ்சால பெருக்குனா பதினாலு புள்ளி ஒண்ணு நாலு. எட்டைக் கழிச்சா ஆறு புள்ளி ஒண்ணு நாலு. ஆறை விடப் பெருசா இல்லையா சார்?"

"அப்ப உன் கணக்குப்படியும் ஆறு புள்ளி ஒண்ணு நாலுதான வருது. நீ ஆறேகாலுன்னுல்ல எழுதியிருக்க. அதுவும் தப்பு."

"ஒண்ணரை உச்சி இல்ல சார். ஆறு தப்புன்னு காட்டத்தான் ஒண்ணரை. உச்சி அதுக்குக் கொஞ்சம் முந்தியே வந்துரும்."

"கொஞ்சம் முந்தின்னா எங்க? x எவ்வளவு, சொல்லு பாப்போம்."

"x-ஐ நீங்க கேக்கல சார். பெருசு எதுன்னுதான் கேட்டீங்க."

நான் தட்டை மணமகள் நாற்காலியில் வைத்துவிட்டுப் பலகைக்குப் போனேன். கூட்டினால் ஐந்து வரும் இரண்டு எண்கள் என்று எழுதி, ஒரு செவ்வகமும் ஒரு சதுரமும் வரைந்தேன். மைக்கை வாங்கி, "பிள்ளை சொன்னதுதான் சரி. கவரில் இருக்கிற விடை தப்பு" என்றேன்.

தலைவர் அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தார். "மேடம், தட்டு" என்றார்.

ரெண்டும் சரி

அதற்குப் பின் பேச்சு மைக்கை விட்டு விலகி, மேடைக்குப் பின்னால், மணமகள் அறை வாசலில் நடந்தது.

"சரி மேடம், சண்டை எதுக்கு? ரெண்டும் சரின்னு வச்சுக்கிடுவோம்" என்றார் தலைவர் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, மீப்பெருன்னா ஒண்ணுதான். மலை உச்சி ரெண்டு உயரத்துல இருக்குமா?"

"கணக்குக்கு வேணா ஒண்ணா இருக்கட்டும். மனுசனுக்கு ரெண்டுன்னு இருக்கட்டுமே."

"அப்ப இடமும் ரெண்டு கொடுங்க."

"இடம் ஒண்ணுதான மேடம்."

இடம் என்று வந்தால் ஒன்று. விடை என்று வந்தால் இரண்டு. இதை எழுதும்போதும் என் பேனா தாளை அழுத்துகிறது.

கடைசியில் உண்மையான காரணத்தைச் சொன்னார். "சால்வையப் போட்டாச்சும்மா. மேடையில வச்சுப் போர்த்துனதைத் திரும்ப எடுத்தா, போட்டவனுக்கும் ஆகாது, போட்டுக்கிட்டவனுக்கும் ஆகாதுன்னு சொல்லுவாவ. எங்கப்பா காலத்துல இருந்து எடுத்தது கிடையாது. உசுரோட இருக்க பிள்ளை தோள்ல இருந்து துணியை உருவச் சொல்லுதீங்களா?"

சொன்னவர் கேலிக்குச் சொல்லவில்லை, முழு நம்பிக்கையோடு சொன்னார். பக்கத்தில் நின்ற நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். எங்கள் பக்கம் இது உண்டு. தேர்தலில் தோற்றவர்கூட போர்த்திய துண்டைத் திருப்பித் தர மாட்டார். சால்வை தோளில் விழுந்துவிட்டால் விஷயம் முடிந்தது. அதனால்தான் அவ்வளவு வேகமாகப் போர்த்துகிறார்கள்.

பிடுங்கி நட்ட கல்

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும்.

திருவேங்கடம் பக்கம் கரிசல் காட்டில் அண்ணன் தம்பி இருவருக்குள் எல்லை. யாரோ எப்போதோ தப்பாக அளந்து கல் நட்டிருந்தார்கள். தம்பி நிலத்துக்குள் மூன்றடி நுழைந்து நின்றது அந்தக் கல். பல வருடமாக அதற்கு மஞ்சள் பூசி, பொங்கலுக்குப் பூ வைத்து, சாமி மாதிரி ஆக்கிவிட்டிருந்தார்கள். நான் அளந்து சொன்னதும் எல்லோரும் கல்லைச் சுற்றி வந்து நின்றார்கள். மழை பெய்த மண், செருப்பில் அப்பிக்கொண்டு கால் கனத்தது.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். நிலம் போவது அவருக்கு. "அளவு அதுதானா மேடம்?"

"அதுதான்."

"அப்ப எடுத்து நடுங்க. தப்பா நட்ட கல்லுக்குப் பூ வச்சா மட்டும் சரியாயிருமா?"

கடப்பாரை போட்டுக் கல்லைப் பிடுங்கி, மூன்றடி தள்ளி நட்டோம். வைத்த பூவையும் கூடவே எடுத்து வைத்தார்கள்.

மண்ணுக்காக வெட்டிக்கொள்ளும் ஊர் என்று எங்களைச் சொல்வார்கள். அங்கே நட்ட கல்லை எடுக்க முடிந்தது. படித்தவர்கள் நிறைந்த மண்டபத்தில், ஒரு பையன் தோளில் கிடந்த துணியை எடுக்க முடியவில்லை.

குடம் என்ன பாவம் பண்ணுச்சு

காளீஸ்வரியை மேடைக்குக் கூப்பிட்டு 'சிறப்புப் பரிசு' என்று ஓர் எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். பரிசளிப்புக்கு வாங்கிய பாத்திரங்களில் மிஞ்சியது என்று நினைக்கிறேன். அவள் கையை நீட்டவில்லை.

முன்வரிசையிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. "வாங்கிக்கோட்டி. குடம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் வாங்கிக்கொண்டாள். குடத்தின் வாய்க்குள் தன் சிறிய பலகையைச் சொருகிக்கொண்டு இறங்கினாள். 25/4 வெளியே தெரிந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் ஜெபின் இலையில் கை வைக்காமல் அப்பாவின் செல்லை வாங்கி எதையோ தட்டிக்கொண்டிருந்தான். எழுந்து நேராகப் பரமசிவன் சாரிடம் வந்தான். நான் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"சார், ஒண்ணரை போட்டா ஆறு புள்ளி ஒண்ணு நாலு வருது சார். அவ சொன்னதுதான் சரி."

"போய்ச் சாப்பிடுலே. பாயசம் வருது."

"சார், அப்ப எனக்கு..."

"உனக்கு என்னலே? உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலல்லா?"

பையன் சால்வையின் ஒரு நுனியைப் பிடித்தான். அவன் அப்பா எழுந்து வந்து அந்தக் கையை அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தனும் எடுக்கச் சொல்லல. நீ ஏம்லே எடுக்க? சபையில வச்சு என்னைக் கேவலப்படுத்தாத மக்கா." அவர் கண் கலங்கியிருந்தது. அது பெருமையா பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு பிள்ளையிடமிருந்து எடுத்தார்கள். இன்னொரு பிள்ளையை, அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, எடுத்ததை வைத்திருப்பவனாக ஆக்கினார்கள். இரண்டாவதற்குத்தான் எனக்கு இன்னும் அதிகம் கோபம் வருகிறது.

பேருந்து நிலையத்தில் தாயும் மகளும் நின்றார்கள். குடம் தரையில் இருந்தது. சாத்துக்குடி விற்கிறவர் அதை நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய், "நீ சொன்னதுதான் சரி. அதை யாரும் உன்கிட்ட இருந்து எடுக்க முடியாது" என்றேன். இப்போது நினைத்தால் எவ்வளவு வெறுமையான வார்த்தை.

"சரியா இருந்து என்ன மேடம் செய்ய? எடுத்துட்டாவள்லா" என்றாள். பஸ் வந்தது. அம்மா இடம் பிடிக்க ஓடினார். அவள் குடத்தை இடுப்பில் வைத்து ஏறினாள்.

தெரியாமல் இல்லை

அந்த வாரமே ஒருநாள் பரமசிவன் சாரின் சென்டருக்குப் போனேன். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் டீ வரவழைத்தார், கதவைச் சாத்தினார்.

"ஆறேகாலுதான் மேடம். எனக்குத் தெரியாதா? அன்னைக்குச் சாயங்காலமே போட்டுப் பாத்துட்டேன்."

டீயை மேசையில் வைத்தேன். "அப்ப சொல்லிருங்க சார். அந்த இடத்தை மாத்திக் கொடுக்கலாம். ஜூன் வரைக்கும் நேரம் இருக்கு."

"எப்படி மேடம் சொல்ல? கேள்வி என்னுது, கவர் என்னுது. நானே தப்புன்னு சொன்னா ஒரு பய இங்க சேருவானா? நீங்க கவர்மென்ட் சம்பளம். எங்க பொழப்பு அப்படியா?" கொஞ்சம் நிறுத்தி, "டீ ஆறுது மேடம்" என்றார்.

அதுவரை அவருக்குத் தெரியவில்லை என்பதற்காகக் கோபப்பட்டிருந்தேன். தெரியாதவர் மேல் வரும் கோபம் ஆறிவிடும். தெரிந்தவர் மேல் வந்தது ஆறவில்லை. டீயைக் குடிக்காமல் வந்தேன். தலைவர் அண்ணாச்சியிடம் போய், சார் என்னிடம் ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். அவர் மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி, "என்கிட்ட அவரு அப்படிச் சொல்லலியே மேடம்" என்றார்.

ஜூன் வந்தது. ஜெபின் விடுதிக்குப் போனான். காளீஸ்வரி வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இருந்த ஒரே இடத்தில், வணிகவியல் பிரிவில் சேர்ந்தாள்.

புதிய முறை

இவ்வளவையும் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த மாதம் எங்கள் தெரு முக்கில் ஒரு பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். பரமசிவன் சார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பெரிய எழுத்தில் இப்படி இருக்கிறது:

'ஆறா? ஆறேகாலா? போட்டுப் பார்த்து ஏமாறாதீர். கூட்டினால் ஐந்து வரும் இரண்டு எண்கள்: பரமசிவன் சாரின் கூட்டல் முறை.'

கீழே அதே கேள்வி. அதே இரண்டு வரி. அவள் பலகையின் ஓரத்தில் எழுதிய அதே வரிசையில்.

மறுநாள் அவரே போன் செய்தார். இந்த வருடப் போட்டிக்கு நான் நடுவராக வர வேண்டுமாம். பிளெக்ஸைப் பார்த்தீர்களா என்று வேறு கேட்டார்.

"பாத்தேன் சார். பிள்ளை பேரு எங்க?"

"எந்தப் பிள்ளை மேடம்?"

உண்மையாகவே யோசித்துப் பார்த்துக் கேட்டார். நடிக்கவில்லை. நான் போனை வைத்துவிட்டேன்.

காளீஸ்வரியின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். பி.காம். படிக்கிறாள். பிளெக்ஸைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள். "நானும் பஸ்ல இருந்து பாத்தேன் மேடம். ஒரு எடத்துல சமக்குறி விட்டுப்போயிருக்கு."

நான் பார்க்கவில்லை. போனை வைத்த பிறகு போய்ப் பார்த்தேன். விட்டுப்போயிருந்தது.

போனை வைப்பதற்கு முன் நான் கேட்டேன்: "அவங்க மைக்ல சொல்ல மாட்டாங்க. நான் என் தொடர்ல எழுதப் போறேன். உன் பேரைப் போடட்டுமா? வேண்டாம்னா விட்டுருதேன்."

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ மோட்டார் போடும் ஒலி கேட்டது. தண்ணீர் ஒரு பாத்திரத்துக்குள் விழும் சத்தம். அந்தக் குடமாகக்கூட இருக்கலாம்.

"போடுங்க மேடம்" என்றாள். "இனிஷியலோட போடுங்க."

இந்தப் பத்திரிகை தலைவர் அண்ணாச்சி கடைக்கும் வருகிறது. பரமசிவன் சாரின் சென்டர் வரவேற்பறையிலும் கிடக்கிறது. அந்த மேடையில் அன்று படித்திருக்க வேண்டியதை இங்கே படிக்கிறேன். நடுவர் என்ற முறையில்.

கேள்வி: 5 × 2ˣ − 4ˣ என்ற கோவையின் மீப்பெரு மதிப்பு என்ன?

விடை: ஆறேகால்.

விடை எழுதியவர்: வெ. காளீஸ்வரி, இளையரசனேந்தல்.